எங்களுக்கு ஒரு வண்டிப்பேட்டை வேண்டும்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊராட்சிகளின் பொறுப்பாளர்களுக்கும், மீனவக் கிராமக் கமிட்டிகளுக்கும், ஜமாத்துப் பெரியவர்களுக்கும், கூடவே மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

நான் பரமக்குடிக்காரன். பிழைப்பு இழுத்துக்கொண்டு போய்க் கோயம்புத்தூரில் போட்டு இருபது வருடம் தாண்டிவிட்டது. என்னிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கிறது. பின் சீட்டை மடக்கினால் ஒரு பலகை, பலகைமேல் நாலு அங்குல மெத்தை. பலகைக்கு அடியில் ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, இரண்டு தண்ணீர் கேன், அரிசி பருப்பு டப்பாக்கள். ஜன்னல்களுக்குக் கொசுவலை தைத்துக் கொடுத்தது என் மனைவி. இதைக் கேம்பர், அதாவது சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற வண்டி, என்று சொன்னால் பெரிய கேரவன் வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும் அதில் நெருக்கிக்கொண்டு படுக்க முடிகிறது, அது போதும். வண்டியின் உடம்பில் எதையும் வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. வண்டியை மாற்றி அமைப்பது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பலகையையே அறுத்தேன்.

போன தை மாதம் இந்த வண்டியில் உங்கள் கடற்கரை முழுவதையும் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். வடக்கே சுந்தரபாண்டியன்பட்டினத்தில் தொடங்கி தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம். திரும்பி வந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். தமிழ்நாட்டிலேயே நீளமான கடற்கரை உங்கள் மாவட்டத்துடையது, 230 கிலோமீட்டருக்கு மேல். ஆறு பகல், ஐந்து இரவு என்று கணக்குப் போட்டோம். பகல்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. இந்த மடல் இரவுகளைப் பற்றியது, ராத்திரி வண்டியை நிறுத்தித் தூங்க ஓர் இடம் கேட்டு எழுதுவது.

பகலில் எதை எதைப் பார்ப்பது என்று முடிவுசெய்ய எங்களுக்கு அரை மணி நேரம்தான் ஆனது. இரவில் எங்கே வண்டியை நிறுத்துவது என்று யோசிக்க மூன்று வாரம் ஆனது, அப்படியும் பாதி இரவுகள் கோணலாகத்தான் போயின. கடலைப் பார்த்தபடி தூங்க வேண்டும் என்ற ஆசையில்தான் எல்லோரும் கிளம்புகிறோம். கிளம்பின பிறகுதான் தெரிகிறது, ஒரு ராத்திரிக்கு வேண்டியது கடல் இல்லை. சக்கரம் புதையாத கெட்டித் தரை வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மகள் எழுப்பினால் கூட்டிக்கொண்டு போக ஒரு கழிப்பறை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, "இங்கே நிற்கலாம்" என்று சொல்ல உரிமையுள்ள ஒரு மனிதர் வேண்டும். முதல் இரண்டைக் கண்ணால் தேடிப் பிடித்துவிடலாம். மூன்றாவது கிடைப்பதுதான் பெரும்பாடு.

முதல் இரவு தப்பு எங்கள் பேரில்தான். இருட்டின பிறகு போய்ச் சேர்ந்தோம். ஒரு சின்ன மீனவ ஊருக்கு வெளியே, பனைகளுக்கு நடுவே வண்டியை விட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் சோறு வடித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். ஒன்றேகால் மணிக்கு டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. கண்ணாடியை யாரோ தட்டுகிறார்கள். இரண்டு பேர், ஒருவர் சீருடையில். எந்தத் துறை, எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர்கள் மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. "இந்த நேரத்துல இங்க என்ன சார் வேலை?" என்றார்கள். எங்களிடம் இருந்த பதில், தூங்குகிறோம் என்பதுதான். அதைச் சொல்லும்போதே நம்பும்படியாக இல்லை என்று எனக்கே தோன்றியது. ஆதார், ஆர்.சி., லைசென்ஸ் எல்லாம் பார்த்தார்கள். பலகைக்கு அடியில் வெளிச்சம் அடித்துப் பருப்பு டப்பாவைத் திறந்துகூடப் பார்த்தார்கள். அப்புறம், "குடும்பத்தோட இங்க நிக்காதீங்க, கிளம்புங்க" என்று சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்று கேட்டேன். அதற்கு அவர்களிடமும் பதில் இல்லை. நாற்பது நிமிடம் ஓட்டி ஒரு பெட்ரோல் பங்கில் போய் ஒதுங்கினோம். டியூப்லைட் வெளிச்சம், லாரி ஹாரன். மகள் விடியும்வரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். "இதுக்குப் பேசாம ஒரு லாட்ஜ் எடுத்திருக்கலாம்" என்று காலையில் மனைவி சொன்னாள். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள் புத்தி வந்தது. மாலை நாலரைக்கே ஒரு ஊருக்குள் போனோம். வலை பின்னும் கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அதில் மூத்தவர் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "எந்த ஊரு தம்பி? யாரு மகன்? சாப்பாட்டுக்கு என்ன பண்றீக?" மூன்று கேள்விக்கும் பதில் சொன்னதும், கூடத்துக்குப் பின்னால் காற்று அடிக்காத பக்கமாக நிறுத்தச் சொன்னார். சமுதாயக் கூடத்துக் கழிப்பறைச் சாவி ஒரு சிறுவன் கையில் வந்தது. ஒரு ஆத்தா, கேட்காமலே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். காசு கொடுக்கப் போனபோது அவர் பார்த்த பார்வையில் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அன்று ராத்திரி மூன்று பேரும் அடித்துப் போட்டது மாதிரி தூங்கினோம். ஊர்ப் பெயரை இங்கே எழுதலாம்தான். எழுதினால் அடுத்த சனிக்கிழமையே இருபது வண்டி போய் அந்தக் கூடத்துக்குப் பின்னால் நிற்கும், அதற்காகத்தான் எழுதவில்லை.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. தண்ணியில்லாக் காடு என்று சொல்லி அதிகாரிகளைத் தண்டனையாக மாற்றி அனுப்பிய மாவட்டம் இது. இன்றைக்கும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி வைத்துக்கொண்டு பெண்கள் தெருவில் போவதைப் பார்க்கலாம். தனுஷ்கோடிப் பக்கம் மணலைத் தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடம் நிரப்புகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வெளியூர்க்காரர்கள் குழாயடியில் வண்டியை நிறுத்தி உப்புக் காற்றுப் பட்ட அடிப்பாகத்தைக் கழுவுவதை நான் நேரில் பார்த்தேன். அவர்கள் எங்களைப் போன்ற வண்டிக்காரர்கள்தான். இதை ஒளித்துவைத்துக்கொண்டு உங்களிடம் இடம் கேட்பது நியாயமில்லை. குப்பையையும் பாட்டிலையும் மணலில் விட்டுப் போகிறவர்கள் உண்டு. நடுராத்திரி பாட்டுப் போடுகிறவர்கள் உண்டு. உங்கள் ஊர்கள் எங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இன்னொரு தப்பும் சொல்லிவிடுகிறேன், இது என்னுடையது. நான்காம் இரவு, தென்கடல் பக்கம் ஒரு கரையில் கெட்டி மணலாகப் பார்த்து நிறுத்தியிருந்தோம். விடியற்காலை எழுந்து கதவைத் திறந்தால், வண்டியிலிருந்து இருபதடி தள்ளிப் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். கரைவலை இழுக்க வந்தவர்கள். வலைக் கயிறு வந்து ஏற வேண்டிய இடத்தில் எங்கள் வண்டி நிற்கிறது. தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம் என்று நின்றிருக்கிறார்கள். எவ்வளவு நேரமாக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வண்டியை எடுத்ததும் ஒரு சொல் பேசாமல் கயிற்றைப் பிடித்தார்கள். நமக்குக் கடற்கரை வேடிக்கை பார்க்கிற இடம். அவர்களுக்கு அது பட்டறை. பட்டறைக்குள் பாய் விரித்துப் படுத்தது நான். கருவாடு காயப்போடுகிற தரை, படகு ஏற்றுகிற தரை, ஐஸ் லாரி திரும்புகிற தரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது, பார்க்கிறவனுக்கு வெறும் மணலாகத் தெரிந்தாலும்.

ஆகவே, கடற்கரையில் எங்கே வேண்டுமானாலும் நிற்க விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நிற்கக் கூடாத இடங்களை நானே சொல்கிறேன். தனுஷ்கோடி தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் 2017இல் தார்ச்சாலை திறந்த பிறகு, அங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று ஆசைப்படாத வண்டிக்காரன் இல்லை. மாலையானதும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அது அப்படியே இருக்கட்டும். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் என்ன நடந்தது என்பதைத் தனுஷ்கோடியின் அந்த இடிந்த தேவாலயச் சுவரே சொல்லிக்கொண்டிருக்கிறது. புயல் இல்லாத நாளிலும் காற்றுக்காலத்தில் அலை சாலைமேல் ஏறி விழுகிற இடம் அது. அதுபோக, தை முதல் பங்குனிவரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். குஞ்சுகள் பொரித்து வந்ததும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலை நோக்கிப் போகும். அந்த நேரத்தில் ஒரு வண்டிக்குள் எரியும் விளக்கு போதும், அவை திசை மாறி மேட்டுப் பக்கம் போய்ச் சாக. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு எதிர்க்கரையில் நாங்கள் விளக்குப் போட்டுக்கொண்டு உட்காருவது சரியில்லை.

பாதுகாப்புக் காரணமும் எனக்குப் புரிகிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. கடல் அட்டை பிடிக்க 2001இலிருந்து தடை; தடை வந்ததும் கடத்தலும் வந்தது. நடுராத்திரி கரையில் திரை போட்ட வேன் ஒன்று தனியாக நின்றால் சோதித்துப் பார்ப்பதுதான் வேலை. முதல் இரவு எங்களை எழுப்பியவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். அவர்களுடைய சிக்கலும் என்னுடைய சிக்கலும் ஒன்றுதான்: நிற்கலாம் என்று எழுதிவைத்த ஓர் இடம் இல்லாததால், நிற்கிற எல்லா வண்டியும் சந்தேக வண்டியாகிவிடுகிறது. பெயர் எழுதி, ஆர்.சி. நகல் வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தால், அங்கே இல்லாமல் வேறெங்கோ நிற்கிற வண்டியைத் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

இது ஏதோ புதுப் பழக்கம், வெள்ளைக்காரன் பார்த்துப் பழகியது என்று சிலர் நினைக்கிறார்கள். என் தாத்தா காலத்தில் குலதெய்வம் கும்பிடப் போகிறவர்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு, பானை சட்டி அரிசி புளியோடு போனார்கள். வண்டிக்கு அடியில்தான் படுக்கை. மாடுகளை அவிழ்த்துக் கட்ட ஊருக்கு ஊர் வண்டிப்பேட்டை இருந்தது. இன்றும் எத்தனையோ ஊர்களில் பேருந்து நிறுத்தத்துக்கு வண்டிப்பேட்டை என்றுதான் பெயர். வண்டியும் இல்லை, பேட்டையும் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. உங்கள் கடற்கரையிலோ பெயர்களே வழிப்போக்கனைக் கூப்பிடுகின்றன. மண்டபம். அக்காள்மடம். தங்கச்சிமடம். முகுந்தராயர் சத்திரம். சேதுவுக்கு நடந்தே வந்த ஜனங்கள் ராத்திரி தலைசாய்க்க, சேதுபதிகள் வழி நெடுகச் சத்திரம் கட்டி அன்னம் போட்டார்கள். மண்டபத்துக்கு முன்னால் பிரப்பன்வலசை, குஞ்சார்வலசை என்று வரிசையாக வலசைகள். வலசை என்றாலே இடம் பெயர்ந்து வந்து தங்குவதுதானே? காசியிலிருந்து நடந்து வந்தவனுக்கு இடம் கொடுத்த வழியில், கோயம்புத்தூரிலிருந்து ஆம்னியில் வந்தவனுக்கு ஒரு மூலை இருக்காதா என்று கேட்கிறேன்.

உல்லாசமாக ஊர் சுற்ற வருகிறவர்களுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. இராமேசுவரத்துக்கு டெம்போ வேனில் வருகிற குடும்பங்களைப் பாருங்கள். லாட்ஜ் எடுக்க வசதியில்லாமல் வண்டியிலும் தெரு ஓரத்திலும் படுக்கிறவர்கள் எத்தனை பேர்? ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். மீன் ஏற்ற வருகிற லாரி டிரைவர்கள் லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுக்கிறார்கள். அந்தக் குடும்பங்களோடு வரும் பெண்கள் ராத்திரி இயற்கை உபாதைக்கு எங்கே போகிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. வண்டியில் தூங்குகிற ஜனம் ஏற்கனவே உங்கள் கரையில் இருக்கிறது. புதிதாக நாங்கள் நாலு பேர் வந்து எழுதிக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

சரி, கேட்பது என்ன?

ஊருக்கு ஒட்டினாற்போல், கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஐந்தாறு வண்டி நிற்க ஒரு துண்டு நிலம். கடல் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் காலையில் நடந்து போய்ப் பார்த்துக்கொள்வோம். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு மேலே கிராவல் கொட்டிச் சமன்செய்தால் தரை ஆயிற்று. கழிப்பறை தவிர வேறு கட்டடம் வேண்டாம். இரண்டு கழிப்பறை, அதில் ஒன்று பெண்களுக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காகப் போடும்படியாக. கழிவைக் கொட்ட ஒரு செப்டிக் டேங்க் வாய். எங்களில் சிலர் மடக்குக் கழிப்பறையை வண்டியிலேயே வைத்திருக்கிறோம், அதை எங்கே காலி செய்வது என்பதுதான் ஒவ்வொரு பயணத்திலும் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வி. குடிக்கத் தண்ணீரை நாங்களே கேனில் வாங்கிக்கொள்வோம். உங்கள் குழாயைத் தொட மாட்டோம். வண்டி கழுவத் தடை என்று பலகையிலேயே எழுதிவிடுங்கள். விளக்கு ஒன்று போதும், அதுவும் தரையைப் பார்த்து. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு பொறுப்பாளர், அவர் செல்போன் எண். வண்டிக்கு ஓர் இரவு 200, 300 ரூபாய் என்று வாங்கிக் கமிட்டிக் கணக்கில் போடுங்கள். பத்து மணிக்கு மேல் சத்தம் போட்டால், அடுப்புச் சாம்பலைக் கொட்டினால், பாட்டிலை உடைத்தால் வெளியே அனுப்புங்கள். வண்டி எண்ணைக் குறித்துவைத்து அடுத்த ஊருக்கும் சொல்லிவிடுங்கள்.

எங்கெங்கே என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். குழந்தையை வைத்துக்கொண்டு, நின்று நின்று பார்த்துப் போனால், இந்தச் சாலையில் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான் நகர முடிகிறது. அந்தக் கணக்கில் ஐந்து இடம் போதும்.

தொண்டிக்குத் தெற்கே காரங்காடு ஒன்று. அங்கே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுவிடுகிறார்கள். வெளியூர்க்காரனை எப்படி நடத்துவது, எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று அந்த ஊருக்கு ஏற்கனவே தெரியும். பகலில் நடப்பதை ராத்திரிக்கும் கொஞ்சம் நீட்டினால் போதும். தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கோயிலுக்கு விடிவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். முதல்நாள் ராத்திரியே வந்து ஒதுங்க இடம் இருந்தால் இருட்டில் வண்டி ஓட்டுகிற வேலை மிச்சம்.

நான் அதிகம் யோசித்தது மண்டபத்தைப் பற்றி. காரணம் காற்று. உங்களிடம் காற்றைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், ஆனாலும் இதைப் படிக்கிற வண்டிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். வடக்கே பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல் குளம்போலக் கிடக்கும், வாடை வீசாதவரை. ஐப்பசிக்குப் பிறகு வாடை எழுந்தால் வடகரையில் நிற்க முடியாது. ராத்திரி முழுவதும் வண்டி தொட்டில் ஆடும். வைகாசிக்கு மேல் கச்சான், சோழகம் என்கிற மேற்கு, தெற்குக் காற்றுகள் கிளம்பினால் தென்கரையில் மணல் பறந்து வந்து கண்ணாடியைத் தேய்க்கும். அடுப்புப் பற்றவைக்க முடியாது. காற்றுக்குப் பயந்து கதவை அடைத்துக்கொண்டு வண்டிக்குள் அடுப்பு மூட்டினால் நச்சுப் புகையில் மூச்சு நின்றுவிடும், அதை மட்டும் செய்யவே கூடாது. ஆக, தங்கும் இடம் மாதத்தைப் பொறுத்தது. மண்டபத்தில் இரண்டு கடலுக்கும் நடுவே நிலம் ஒடுங்கிக் கிடக்கிறது. வாடைக்கு ஒரு பேட்டை, கச்சானுக்கு ஒரு பேட்டை என்று அங்கே வைத்தால் பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோல் மாற்றிக்கொள்ளலாம். அரியமான் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் நிழலும் உண்டு. நான்கூட அங்கே ஒரு மதியம் முழுவதும் தூங்கினேன். பகல் தூக்கத்துக்கு யாரும் டார்ச் அடிப்பதில்லை.

இராமேசுவரம் தீவுக்குள் புதிதாக எதுவும் வேண்டாம் என்றே சொல்வேன். ஊர் ஏற்கனவே பிதுங்குகிறது. நாங்கள் மூன்றாம் இரவு கட்டண வாகன நிறுத்தத்தில்தான் நின்றோம். பஸ் எஞ்சின்கள் விடியவிடிய உறுமின. நாலு மணிக்கு அக்னி தீர்த்தத்துக்குப் போகிற கூட்டம் எங்கள் வண்டிமேல் துண்டு காயப்போட்டது. வண்டியை மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸிலோ ரயிலிலோ பாம்பனைக் கடப்பதுதான் சுகம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தில் ரயிலில் போய்ப் பார்க்காமல், 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி போலீஸ்காரர் விசில் ஊத நிற்பானேன்?

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் ஒன்று வேண்டும். ஏர்வாடி தர்காவுக்கு வந்து நாள்கணக்கில் தங்குகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் அது. கீழக்கரையில் நாங்கள் தொதல் என்கிற இனிப்பு வாங்கப் போன கடையில், ராத்திரி எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டார் கடைக்காரர். வண்டியில் என்றதும், "பிள்ளைய வச்சுக்கிட்டா?" என்று பதறி, தன் வீட்டு முற்றத்திலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். போய்க் கரைவலை வழியில் நிறுத்தியது அன்றைய ராத்திரிதான். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். கடைசி இடம் சாயல்குடி, மூக்கையூர்ப் பக்கம். பனைகளுக்கு நடுவே இடத்துக்குப் பஞ்சமில்லை. பதநீர் இறங்கும் பருவமானால் கருப்பட்டி வியாபாரமும் அங்கேயே நடந்துவிடும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள் தனியாக. 2023இல் வெளிவந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் கேரளம் 2021இலேயே இதைத் தொடங்கி, வாகமண்ணில் கேரவன் பூங்காவும் திறந்தது. நல்லது. என் பயம், இங்கேயும் பூங்கா என்றதும் ஏசி, பிளக் பாயின்ட், புல்தரை, உணவகம் என்று டெண்டர்விட்டு, ஓர் இரவுக்கு நாலாயிரம் ரூபாய் கேட்கிற இடமாகிவிடுமோ என்பதுதான். பதினோரு அடி வண்டிக்காரனும் டெம்போ வேன் குடும்பமும் மறுபடி பெட்ரோல் பங்குக்கே போவோம். மின்சாரம் எங்களுக்கு வேண்டியதில்லை. தலைக்கு மேல் ஒரு சின்ன விசிறி, அதற்கு ஒரு பேட்டரி, பகலில் வண்டி ஓடினால் தானாக ஏறிவிடும். வருவாய்த் துறை நிலத்தைக் காட்டி, ஊராட்சித் தீர்மானத்துக்கு அனுமதி கொடுத்து, அந்தந்தக் காவல் நிலையத்துக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் ஒரு கடிதம் போட்டால் போதும். மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். ஊரிடம் விடுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்தடுத்த இரண்டு ராத்திரிகளில் நான் கண்ட வித்தியாசம் அதுதான். சாவி ஊர்க்காரர் கையில் இருந்த இடத்தில் நாங்கள் விருந்தாளி.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும்: இன்றைக்கு ஐந்து வண்டி என்று தொடங்கி நாளைக்கு ஐம்பது ஆனால்? அந்தப் பயம் நியாயமானது. ஐந்து என்றால் ஐந்துதான் என்று கயிறு கட்டிவிடுங்கள். ஆறாவது வண்டி வந்தால் அடுத்த பேட்டையின் எண்ணைக் கொடுத்து அனுப்புங்கள். அமாவாசை, ஊர்த் திருவிழா, சந்தனக்கூடு, புயல் எச்சரிக்கை நாட்களில் மொத்தமாக மூடிவிடுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: ஒரே ஓர் ஊர், ஒரு தை மாதம் மட்டும். பிடிக்கவில்லையென்றால் மாசியில் பலகையைக் கழற்றிவிடலாம்.

எங்களைப் போன்ற வண்டிக்காரக் குடும்பங்கள் கோயம்புத்தூர், திருப்பூர், மதுரைப் பக்கம் ஒன்பது பேர் எனக்குத் தெரியும். எந்த ஊர் முதலில் சரி என்று சொல்கிறதோ, அந்த ஊருக்கு ஒரு சனி ஞாயிறு மண்வெட்டி, கடப்பாறை, அரிவாளோடு வந்து கருவேல முள்ளை வெட்டித் தரையைச் சமன்செய்து கொடுக்கிறோம். சாப்பாடு எங்கள் செலவு. தண்ணீரும் கொண்டுவந்துவிடுவோம்.

வலைக்கூடத்துப் பெரியவர் இதைப் படிப்பாரா தெரியாது. யாராவது வாசித்துக் காட்டினால், அந்தக் குடம் இன்னும் எங்களிடம் இருக்கிறது என்று ஆத்தாவிடம் சொல்லச் சொல்லுங்கள். விடியக்காலையில் கிளம்பும் அவசரத்தில் பலகைக்கு அடியில் போய்விட்டது. பரமக்குடி தாண்டின பிறகுதான் பார்த்தோம். வருகிற தையில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பரமக்குடியிலிருந்து பிழைக்கப் போன ஓர் ஆம்னிக்காரன்